செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள்

கல்லை நாக்கால் தொட்டுப் பார்க்கிற ஒரு பெண்ணோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். டீக்கடை வாசலில், ஜீப்பை நிறுத்தின இடத்தில், ஓடைக்கரையில், எங்கே ஒரு கல் கண்ணில் பட்டாலும் கையில் எடுத்துவிடுவாள். சட்டை நுனியில் ஒரு துடை, நாக்கு நுனியில் ஒரு தொடல், பிறகு கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பார்வை. ஈரம் பட்டால்தான் கல்லின் நிறம் தெளியும் என்பாள். கழுத்தில் ஒரு சின்ன லென்ஸ் தொங்கும். ஆனால் முதல் கருவி நாக்குதான். முதல் நாள் இதைப் பார்த்தபோது எனக்குக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை. நாய் நின்ற இடம், ஆடு படுத்த இடம் என்று ஒரு யோசனையும் கிடையாதா என்று கேட்டேன். மனுஷனுடைய கையைவிடக் கல் சுத்தம் என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டாள்.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எந்த நாட்டில் இருந்தாலும் அவளிடமிருந்து போன் வரும், கூடவே வசவும் வரும். ‘அவர்’ என்று மரியாதையாக எழுதிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதுவது போல் இருந்தது. முகாமில் எல்லோர் முன்னாலும் ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டேன். மனசுக்குள் என்றைக்கும் அவள்தான். என் தங்கையைவிட இளையவள்.

நான் குமரி மாவட்டத்துக் கொட்டாரத்துக்காரன். நெல்லையும் தேங்காயையும் தவிர மண்ணிடம் வேறெதுவும் கேட்டறியாத சைவக் குடும்பம். கனிமம் தேடுகிற கம்பெனி ஒன்று பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தை, எங்கள் பேச்சில் விளையை, ஒட்டி முகாம் போட்டபோது, சாப்பாடு, ஜீப், கூலியாட்கள், பார்சல் என்று எல்லாவற்றையும் கவனிக்க உள்ளூர் ஆள் ஒருவர் தேவைப்பட்டார். என்னை எடுத்தார்கள். அவள் அங்கே ஜியாலஜிஸ்ட். கான்ட்ராக்ட் வேலைதான், நிரந்தரமில்லை. கடியப்பட்டணத்துப் பெண். அப்பாவுக்கு வள்ளம், அம்மாவுக்குச் சந்தையில் மீன் வியாபாரம். கடற்கரையில் பிறந்தவள் மலையேறிக் கல் உடைத்தாள். வயல்கரையில் பிறந்தவன் அவளுக்குச் சோறு கட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

மீன் வாசனை பட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வளர்ந்த எனக்கு மீன் வாங்கக் கற்றுத்தந்தவளும் அவள்தான். சாப்பிடுவதற்கு இல்லை, பாடத்துக்கு. அவள் சொல்வது இதுதான்: மீன் வெளியே எப்போதும் மினுங்கும். செத்து இரண்டு நாளானாலும் மினுங்கும், ஐஸில் கிடந்தால் இன்னும் கொஞ்சம் மினுங்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். உள்ளே சிவப்பாக இருந்தால் வாங்கு, கறுத்திருந்தால் கூடையைத் தள்ளிவிட்டு நட. கல்லும் அப்படித்தான் என்பாள். வெயிலும் மழையும் பாசியும் சேர்ந்து கல்லுக்கு வெளியே ஒரு வேஷம் போட்டுவிடுகின்றன. சுத்தியலால் ஒரு போடு போட்டு உள்முகத்தைப் பார்க்கும்வரை அது என்ன கல் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. ஆகவே யார் எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்.

"செவுளத் தூக்கிப் பாத்தியளா?"

ஜீப் டிரைவர் டயர் நன்றாக இருக்கிறது என்றாலும் இதே கேள்வி. பால்காரர் பசும்பால் என்றாலும் இதே கேள்வி. நான் எனக்குக் காய்ச்சல் இல்லை என்றபோதும் இதே கேள்விதான். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள்.

இந்தக் குணத்தால் என் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம் என்ன ஆயிற்று என்று சொல்லியாக வேண்டும். மைத்துனர் மஸ்கட்டில் இருந்து சம்பாதித்துக் கட்டின வீடு. பூஜையறைக்கு மட்டும் வெளிநாட்டுப் பளிங்கு என்று சொல்லிக் கடைக்காரன் தலையில் கட்டியிருந்தான். வந்தவர்களெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தடவிப் பார்த்து அடேயப்பா என்றார்கள். இவள் குனிந்து பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். நீர்த்த அமிலம், சுண்ணாம்புக் கல்லின் மேல் ஒரு சொட்டு விட்டால் சோடாப்போல் நுரைக்கும், பளிங்கும் அதே சுண்ணாம்பு வம்சம்தான். நான் ‘வேண்டாம் மேடம்’ என்று சொல்வதற்குள் ஒரு சொட்டு விட்டுவிட்டாள். நுரைக்கவில்லை. இன்னொரு சொட்டு விட்டாள். அதுவும் சும்மா கிடந்தது. முகமெல்லாம் சந்தோஷமாக நிமிர்ந்து, இது பளிங்கே இல்லை, யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறான் என்று கூட்டத்துக்கு நடுவில் அறிவித்தாள். கண்டுபிடித்த சந்தோஷம் மட்டும்தான் அவளுக்கு. யார் முகம் சுண்டியது என்பது கண்ணில் படவில்லை. தங்கை என்னோடு அடுத்த பொங்கல்வரை பேசவில்லை. மைத்துனர் மட்டும் கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டுப் பாதிப் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டு, அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல புடவை எடுத்துக் கொடுங்கள் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

அவளைப் பெண் பார்க்க வந்த ஒரு பையனின் கதையும் உண்டு. நல்ல வேலை, நல்ல நிறம், நல்ல சிரிப்பு. தனியாகப் பேசச் சொன்னார்களாம். கடைசியாக எதற்காக அழுதீர்கள் என்று கேட்டாளாம். பையன் திகைத்துப்போய், நான் அழுவதே கிடையாது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். செவுளைக் காட்டாத மீன் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட, அந்தச் சம்பந்தம் அன்றோடு முடிந்தது. அம்மா அவளை ஒரு வாரம் திட்டினாளாம். அதை எங்களிடம் சொல்லிச் சிரித்தபோது, பையனுடைய நிலைமையை நினைத்து எனக்குத்தான் பாவமாக இருந்தது.

இனி கல்லுக்கு வருகிறேன். அவள் தேடியது ஸ்கார்ன் என்கிற ஒரு பாறை. பூமிக்கடியில் கிரானைட் கூழாகக் கொதித்து மேலேறி வரும்போது வழியில் சுண்ணாம்புக் கல் கிடந்தால், இரண்டும் தொட்டுக்கொள்கிற விளிம்பில் இந்தப் புதிய பாறை பிறக்கும். கிரானைட்டோடு வருகிற வெந்நீரில் செம்பும் வெள்ளியும் கரைந்திருந்தால் அவையும் அந்த விளிம்பிலேயே தங்கிவிடும். எனக்கு இது புரிய ஒரு மாதம் பிடித்தது. கடைசியில் அவள் கேட்டாள், கல்யாண மண்டபத்தில் நகையெல்லாம் எங்கே கிடக்கும் என்று. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்கிற மணவறையில் என்றேன். அவ்வளவுதான் ஸ்கார்ன் என்றாள்.

கன்னியாகுமரி ஜில்லாவில் செம்பா என்று எல்லோரும் சிரித்தார்கள். இங்கே கடற்கரை மணலில் கனிமம் உண்டு, அது ஊரறிந்த விஷயம். மலையில் செம்பு, வெள்ளி என்று யாரும் சொன்னதில்லை. அவள் தன் லீவு நாட்களில் தனியாக நடந்து, இந்த ரப்பர் விளையில் ஒரு பளிங்குப் பாறை நாக்கு நீட்டிக்கொண்டு கிடப்பதையும், அதைக் கிரானைட் குத்திக்கொண்டு போவதையும் பார்த்திருந்தாள். கம்பெனியைப் பல தடவை கெஞ்சினாள். கடைசியில், மூன்றே மூன்று துளை போடலாம், அதில் ஒன்றும் இல்லையென்றால் மூட்டையைக் கட்டவேண்டும் என்று சம்மதித்தார்கள். மூட்டை என்றால் முகாம் மட்டுமில்லை. அவள் கான்ட்ராக்டும் அதோடு சரி, இனி அவள் சொல்லுக்கு அந்தத் தொழிலில் மதிப்பும் இருக்காது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அவள் ஊரில் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியது. கடற்கரைக்காரர்கள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் திருவிழாவுக்கு வீட்டில் இருக்கவேண்டும். அவள் கிளம்பிப் போனாள். அவள் போன மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து இறங்கினார். வடக்கத்தி ஆள். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. அதைக் கல்லின் மேல் வைத்து விசையை அழுத்தினால், அந்தக் கல்லில் எந்தெந்த உலோகம் இருக்கிறது என்று திரையில் வந்துவிடும். கூலியாட்கள் முதலில் போலீஸ் என்று நினைத்து ஒதுங்கினார்கள். அன்றைக்கே அவருக்குத் துப்பாக்கிக்காரர் என்று பெயர் விழுந்தது.

துப்பாக்கிக்காரர் விளைக்குள் நடந்து, சரிவின் அடியில் ஒரு பழைய சிமெண்ட் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அங்கே வெள்ளைப் பாறை முழுக்கப் பச்சையும் நீலமுமாகப் படர்ந்திருந்தது. செம்பு இருக்கிற இடத்தில் பச்சை பூக்கும் என்பது எனக்கே தெரியும். குத்துவிளக்கைத் துலக்காமல் விட்டால் என்ன நிறம் வருகிறது? அவர் துப்பாக்கியை வைத்து அழுத்தினார். திரையில் செம்பு எக்கச்சக்கமாக ஏறியது. மனுஷன் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். என் சர்வீஸில் என்னைக் கட்டிப்பிடித்த ஒரே ஆபீசர் அவர்தான். உடனே லட்டு வாங்கிவரச் சொன்னார். விளையின் சொந்தக்காரர், துபாயில் இருந்துவிட்டுத் திரும்பிய பெரியவர், கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார். அவருக்கும் இரண்டு லட்டு கொடுத்தோம்.

அவள் வரட்டும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. டிரில் மெஷினை அந்தப் பச்சைக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். பூமிக்குள்ளிருந்து உருளை உருளையாகக் கல் வரும். அதற்குக் கோர் என்று பெயர். வந்த வரிசை மாறாமல் நீளமான தட்டுகளில் அடுக்குவோம். முதல் துளையில் வந்ததெல்லாம் வெள்ளைப் பளிங்கு. கொஞ்சம் தள்ளி இரண்டாவது துளை போட்டார்கள். அதிலும் வெள்ளை, வெள்ளை, மறுபடியும் வெள்ளை. துப்பாக்கிக்காரர் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்.

இரண்டாவது துளை முடிகிற நாளில் அவள் ஒரு பை நிறைய முந்திரிக்கொத்தோடு வந்து இறங்கினாள். நான் போனிலேயே சொல்லியிருந்தேன், பச்சை கிடைத்திருக்கிறது என்று. பையை என் மேல் எறிந்துவிட்டு ஒரே ஓட்டம். ரப்பர் பால் சிரட்டை ஒன்றைத் தட்டிவிட்டு, வேரில் இடறி விழுந்து, எழுந்து மறுபடியும் ஓடினாள். அந்தப் பாறை முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். பல வருஷம் கேட்ட வரம் கைக்கு வந்தவளைப் போல இருந்தாள். குனிந்து நாக்கால் தொட்டாள். அடுத்த நொடியே துப்பினாள். அவள் ஒரு கல்லைத் தொட்டுவிட்டுத் துப்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு சுத்தியல் விழுந்தது. ஒரு துண்டு தெறித்தது. பச்சை நகக் கனத்துக்குத்தான் இருந்தது. உள்ளே தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளை வெளேர் என்று ஒரு புள்ளியும் இல்லாமல் இருந்தது. இன்னொரு இடத்தில் உடைத்தாள், இன்னொரு இடத்திலும் உடைத்தாள். எல்லா இடத்திலும் அதே கதைதான். அவள் மெதுவாகத் திரும்பிச் சிமெண்ட் தொட்டியைப் பார்த்தாள். பிறகு விளைக்காரரைப் பார்த்தாள்.

"மாமா, மரத்துக்கு அடிக்க துரிசு எங்க வச்சு கலக்குவியோ?"

"இங்ஙனதான். எனக்க அப்பன் காலம் தொட்டு இந்தத் தொட்டியிலதான் கலக்கு."

துரிசு என்றால் மயில்துத்தம். செம்பு உப்பு. மழைக்காலம் வருவதற்கு முன் அதைச் சுண்ணாம்போடு கலந்து ரப்பர் மரத்துக்கு அடிப்பார்கள். இல்லாவிட்டால் இலையெல்லாம் நோய் பிடித்துக் கொட்டிவிடும். இரண்டு தலைமுறையாக அந்தத் தொட்டியிலிருந்து வழிந்த துரிசுதான் பாறை மேல் பச்சையாகப் படிந்திருந்தது. துப்பாக்கி பொய் சொல்லவில்லை. செம்பு இருந்தது. ஆனால் அது கடையில் வாங்கின செம்பு.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நான் விளைக்காரரிடம் பாய்ந்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

"ஆரும் எங்கிட்ட கேக்கல்லியே. லட்டு தந்தியோ, தின்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறை மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். துப்பாக்கிக்காரர் முகம் வெயிலில் காய்ந்த வடகம் மாதிரி சுருங்கியது. மூன்றில் இரண்டு துளை போயிற்று. மூன்றாவதை நீயே போட்டுக்கொள், அதிலும் ஒன்றுமில்லையென்றால் உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டு அவர் நாகர்கோவில் லாட்ஜுக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம், சாமான்களைக் கட்டச் சாக்கு வாங்கி வைக்கும்படியும் சொன்னார்.

நான் சாக்குக்குச் சொல்லி வைத்தேன். அவளோ அன்று சாயங்காலம் முழுக்கக் கோர் தட்டுகளுக்கு நடுவில் குந்திக்கொண்டு ஒவ்வொரு துண்டாக ஈரப்படுத்திப் பார்த்தாள். இரண்டாவது துளையின் கடைசித் தட்டில், கடைசித் துண்டில், பழுப்பாக இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை இருந்தது. நாங்கள் அழுக்கு என்று நினைத்து விட்டிருந்தோம். கார்னெட், அண்ணாச்சி, கார்னெட் என்று குதித்தாள். எங்கள் கடற்கரையில் சிவப்பு மணலாகக் கிடக்கிறதே, அதற்கு அக்காள் முறையாம் இது. சுண்ணாம்பும் கிரானைட்டும் சேர்கிற விளிம்பில்தான் இந்தப் பழுப்பு வரும். பந்தல் கண்ணில் பட்டுவிட்டது, மணவறை மேலே சரிவில் இருக்கிறது என்றாள்.

மறுநாள் காலை ஓடையைத் தாண்டிச் சரிவில் ஏறினோம். அங்கே ஒரு பாறை உண்டு. கறுப்பும் துருவுமாக, தீய்ந்துபோன தோசைக்கல் மாதிரி அசிங்கமாக இருக்கும். நான் தினமும் சாப்பாட்டு கேரியரை வைக்கிற இடம் அது. துப்பாக்கிக்காரர் அதன் மேலும் ஒரு தடவை துப்பாக்கியை வைத்துப் பார்த்து, பெரிதாக எதுவும் காட்டாததால் அதன் மேல் உட்கார்ந்து பூரி சாப்பிட்டிருந்தார். அவள் என் கேரியரை எடுத்துக் கீழே வைத்தாள். சின்னச் சுத்தியலுக்கு அது அசையவில்லை. டிரில் ஆட்களிடமிருந்து சம்மட்டியை வாங்கி, தலைக்கு மேல் தூக்கி, நெஞ்சிலிருந்து ஒரு சத்தத்தோடு போட்டாள். நாலாவது போட்டிலோ ஐந்தாவது போட்டிலோ பாறை விரிந்தது.

உள்ளே மயில்கழுத்து நிறம். பட்டுப்புடவையில் வருமே, நீலமும் ஊதாவும் கலந்து, அந்த நிறம். அதற்கு நடுவில் பித்தளை மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாக மினுங்கியது. இரண்டும் செம்புத் தாது. வெளியே இருந்த செம்பை மழை கரைத்துக் கொண்டுபோய்விட்டது, இரும்பு மட்டும் துருவாக நின்றுவிட்டது, அதனால்தான் துப்பாக்கிக்கு அது தெரியவில்லை என்று மூச்சுவாங்கச் சொன்னாள். அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாள். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அத்தனை நாள் அதன் மேல் புளியோதரை தின்றிருக்கிறேன்.

மூன்றாவது துளை அங்கேதான் போட்டார்கள். சமையல்காரர் உலையை வைத்துவிட்டு மெஷின் பக்கம் ஓடிவிடுவார். விளைக்காரர் பால்வெட்டு முடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவார். முதலில் கிரானைட் வந்தது. பிறகு பழுப்பு, பிறகு பச்சையும் பழுப்பும் கலந்த பட்டை. ஒவ்வொரு கோர் வெளியே வரும்போதும் அவள் சகதியில் மண்டியிட்டு, ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்குகிறவள் போல இரண்டு கையாலும் வாங்குவாள். ஒரு முற்பகலில், டிரில்காரர் குழாயைத் தட்டினார், கல் நழுவி வந்தது. வாளித் தண்ணீரை ஊற்றினாள். மஞ்சளும் ஊதாவுமாக அந்த உருளை வெயிலில் எரிந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். டிரில்காரர் தொப்பியைத் தூக்கி எறிந்தார். விளைக்காரர் கையைக் கூப்பி மேலே பார்த்தார். நான் என்ன செய்தேன் என்று எனக்கே பிறகு வெட்கமாக இருந்தது. கோரைக் கையில் வாங்கி நாக்கால் தொட்டேன். சகதிதான் வாயில் வந்தது, ஆனாலும் துப்ப மனம் வரவில்லை.

இதற்குமேல் ஆழத்தில் வரப்போவதை நினைத்து நாங்கள் கனவு கண்டுகொண்டிருந்தபோது அடுத்த கோர் வந்தது. வெளிறின பழுப்பு. அதற்கடுத்தது வெள்ளை. போடவேண்டிய ஆழம்வரை போட்டாள், கடைசிவரை வெள்ளைதான். செம்பு இருந்த பகுதியை அவள் தன் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வைத்து அளந்தாள். ஒரு முழம். மேலே பாறையின் இரண்டு பக்கமும் வாய்க்கால் போல் வெட்டிப் பார்த்தாள். வலப்பக்கமும் இடப்பக்கமும் கொஞ்ச தூரத்திலேயே பட்டை மெலிந்து மெலிந்து ஒரு கோடாகிக் காணாமல் போயிற்று.

அவள் அனுப்பிய போட்டோவைப் பார்த்துத் துப்பாக்கிக்காரர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நாங்கள் எல்லோரும் கேட்டோம். ஒரே பாராட்டு. பிறகு விஷயத்துக்கு வந்தார். அந்த ஒரு முழத்தை மட்டும் வெட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பு, மற்ற தட்டுகளை அனுப்ப வேண்டாம். அதை மட்டும் சோதித்தால் செம்பு கொட்டிக் கிடப்பதாக முடிவு வரும், முதலீட்டுக்காரர்கள் ஓடி வருவார்கள், முகாம் இன்னும் இரண்டு வருஷம் நடக்கும், உன்னை நிரந்தரமாக்குகிறேன் என்றார். வெள்ளி இருக்கிறதா என்பதும் அந்தச் சோதனையில்தான் தெரியவரும். வெள்ளி கண்ணுக்குத் தெரியாது. செம்புத் தாதுக்குள் ஒளிந்திருக்கும்.

அவள் ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னாள்: எங்கள் அம்மா மீன் விற்கிறவள், நடுத்துண்டத்தை மட்டும் காட்டி முழு மீனையும் விற்றால் வாங்கினவர் வீடு தேடி வருவார், எல்லாத் தட்டையும் அனுப்பப்போகிறேன், அகலம் ஒரு முழம் என்றும் எழுதப்போகிறேன். அந்தப் பக்கம் போன் துண்டிக்கப்பட்டது.

எனக்கு அவள் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவளுக்கு மட்டுமா வேலை? எனக்கில்லையா, சமையல்காரருக்கில்லையா? ஒரு பொய்யும் சொல்லவேண்டாம், மிச்சத்தைச் சொல்லாமல் விட்டால் போதும் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டே கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"அண்ணாச்சி, நாளைக்கு ஒருத்தன் இத நம்பி இந்த விளைய வாங்குவான். மரத்த ஒக்க வெட்டுவான். மலைய நோண்டுவான். பொறவு ஒரு முழந்தான்னு தெரிஞ்சா மாமா ஆருக்க முகத்துல போய் முழிப்பாரு?"

அன்றைக்கு நான் அவளோடு சாப்பிடவில்லை. ஆனாலும் தட்டுகளையெல்லாம் நானேதான் கட்டினேன். ஒன்றைக்கூட விடாமல் அனுப்பினோம்.

ஆய்வு முடிவு வந்தபோது மழை தொடங்கியிருந்தது. எங்கள் முகாமில் பலாமரத்தடியில் மட்டும்தான் போனில் சிக்னல் கிடைக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு அவள் மெயிலைத் திறந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். படித்துக்கொண்டே வந்தவள் குடையை விட்டுவிட்டாள். அது உருண்டு போயிற்று. செம்பு நன்றாக இருந்தது. வெள்ளி அவள் ஆசைப்பட்டதைவிடக் கூடுதலாகவே இருந்தது. அந்த ஒரு முழத்துக்குள் மட்டும். அதற்குக் கீழேயே துப்பாக்கிக்காரர் இரண்டு வரி எழுதியிருந்தார்: இந்த அகலத்துக்குச் சுரங்கம் போட முடியாது, முகாமை இன்றோடு மூடலாம், எல்லோருடைய ஒப்பந்தமும் இதோடு முடிகிறது. அந்த வரிகளை நான் இரண்டு தடவை படித்தேன். அவள் மேலே இருந்ததையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு அண்ணாச்சி. நம்ம மலையில இருக்கு. வெள்ளியும் இருக்கு."

மழையில் நனைந்துகொண்டே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். அந்த அம்மாள் சந்தையில் சாளை மீன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஏலச் சத்தம் கேட்டது. இவள் மேல்பாறையிலிருந்து உடைத்த மயில்கழுத்துத் துண்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள்.

"என்னட்டி அது?"

"செம்பும்மா. உள்ள வெள்ளியும் உண்டு. எல்லாரும் இல்ல இல்லன்னு சொன்னாவல்லா, அது இருக்கு."

"எம்புட்டு இருக்கு?"

"ஒரு முழம்."

"வித்தா என்ன கிட்டும்?"

"ஒண்ணும் கிட்டாதும்மா. எனக்கு வேலையும் போச்சு."

"பின்ன என்னத்துக்குட்டி இப்பிடிக் கெடந்து சிரிக்க?"

அவள் வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது. முகத்தில் வழிந்தது மழையா கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் பக்கத்துக் கடைக்காரியிடம் போனைக் காட்டி, இவளுக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது என்றாள். எனக்கும் அன்றோடு வேலை போயிருந்தது. நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.